பெட்ரோல் ஊத்தின இடத்துல கற்பூரம்

இன்னிக்கு மயிலாப்பூர்ல ஒரு வக்கீல் வீட்டுத் தோட்டத்துல, புதுசா மாட்டின பம்பு இஞ்சினை ஓட்டிக் காட்டப் போனேன்.

யுத்தகால ரேஷன் கூப்பன்ல கிடைச்ச பெட்ரோல். ஊத்தறப்போ கொஞ்சம் டாங்கு மேல சிந்திடுச்சு. துடைச்சிக்கினு இருக்கேன், வக்கீல் தட்டுல கற்பூரத்தைக் கொளுத்திக்கினு நேரா இஞ்சின்கிட்ட வரார்!

"சாமி, நில்லுங்க! பெட்ரோல் சிந்திக் கீது, குப்புனு பத்திக்கும்!"

"அபசகுனமாப் பேசாதே. கற்பூரம் காட்டாம மிஷினை ஓட்டப்படாது."

கையைப் புடிச்சி மாமரத்தடிக்கு இட்டுக்கினு போய், அங்கேர்ந்தே காட்டச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு காட்டினார். கற்பூரம் அணைஞ்சப்புறம் பெட்ரோல் டின்னை மூடித் தூர வெச்சேன், சிந்தினது காயறவரைக்கும் நின்னேன்.

இஞ்சின் சக்கரத்துல கயித்தைச் சுத்தி ஒரே இழுப்பு. இஞ்சின் கிளம்பிடுச்சு.

"பாத்தியா, கற்பூரத்தோட மகிமை!"ன்றார் வக்கீல்.

நீங்களே சொல்லுங்க, நான் எங்க போய் முட்டிக்கிறது?