அப்பா நிறுத்திய காலை டிபன்

சென்னீர்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததுமே அப்பா கேட்பார்: "இன்னாம்மா, கண்டுபுட்ச்சியா?" தொலைந்துபோன சாவியை விசாரிப்பதுபோல இருக்கும். ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக வலது கை நடுங்குகிறது. மூளையின் செல்களில் கழிவு சேர்வதும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளான நானோ செல்களின் கழிவைத்தான் ஆராய்கிறேன். அவருக்கு அது போதாதா?

பசித்த செல், தனக்குள் கிடக்கும் பழைய சாமான்களைத் தானே உடைத்துத் தின்று பிழைத்துக்கொள்ளும். அதற்கு எந்தெந்த மரபணு வேண்டும் என்று தேடுவதுதான் என் வேலை. ஏராளமான செல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு மரபணுவை வெட்டி முடக்குவோம். பிறகு சத்தில்லாத உப்புநீரில் பட்டினி போடுவோம். கழிவில் ஒட்டவைத்த பச்சை ஒளி மங்கினால் சுத்தம் நடக்கிறது என்று அர்த்தம். மங்காவிட்டால், வெட்டிய மரபணு அந்த வேலைக்குத் தேவையானது.

அதில் ஒன்று மட்டும் தலைகீழாக வந்தது. அதை வெட்டினால் சுத்தம் இன்னும் வேகமாக நடந்தது. இதுவரை யாரும் கவனிக்காத மரபணு. கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்து சொன்னேன். பிறகு அதை மட்டும் தனியாக வெட்டிச் சோதித்தால், முதல்முறை ஆமாம் என்றது, அடுத்தமுறை இல்லை என்றது, அதற்கடுத்து செல்களே செத்துக் கிடந்தன. மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பட்டினி அதிகமாகிவிட்டதா, வேறு எதையாவது சேர்த்து வெட்டிவிட்டோமா, முதலில் பார்த்ததே பொய்யா? என் வழிகாட்டியிடம் கேட்டால் "நல்ல கேள்வி" என்கிறார். எரிச்சல்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "உங்கப்பா ஒரு மாசமா காத்தால டிபனே துன்றதில்ல. எழுந்து நின்னா தல சுத்துது. கேட்டா, பொண்ணு சொல்லிக்கீதுன்றாரு."

கொதித்துப்போய்க் கூடத்துக்கு வந்தேன். "யாருப்பா உங்களப் பட்டினி கிடக்கச் சொன்னது?"

"நீதாம்மா. பட்டினி போட்டா குப்பையத் துன்னு சுத்தம் பண்ணிக்கும்னு சொன்னியே."

"அது தட்டுல வளர்க்கிற செல்லுப்பா!"

"என் மண்டைல கீறது மட்டும் வேற செல்லா?"

வேறுதான். எவ்வளவு வேறு? பட்டினி அவருக்கு உதவும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, உதவாது என்பதற்கும் இல்லை. சட்டை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு அவர் இளைத்திருந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது.

"அந்தப் புது ஜீனு இன்னா ஆச்சு?" என்றார்.

"தெரியலப்பா. அது நெஜமான்னே தெரியல."

"சரி, வுடு" என்றவர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ரெண்டு இட்லி எட்தா."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நான்கு வைத்தாள். அவர் சாப்பிட வேண்டும் என்றுதானே நானும் சண்டைக்கு வந்தேன்? ஆனால் அவர் முதல் விள்ளலை வாயில் வைத்தபோது, அப்பா என்னை நம்புவதை நிறுத்திவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. அதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல், சட்னியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.