கேட்காமல் கழற்றிய தாலி

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் கழித்து, கோலாலம்பூர் செந்தூலில் நடந்தது இது. அப்போது நான் ரயில்வே பட்டறையில் இரும்படிக்கும் கொல்லு வேலை பார்த்தேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். நான் குறடு பிடிப்பேன், அவன் சம்மட்டி போடுவான். அந்த வேலையில் ஆளுக்கு ஆள் நம்பிக்கை வேண்டும். பழுத்த இரும்பைப் பட்டடைக் கல்மேல் வைத்துக் குறட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பவனுடைய கை, அடிக்கிறவன் தயவில் இருக்கிறது. அவன் சம்மட்டி ஒருநாளும் தப்பியதில்லை.

அவன் டெங்கில் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்து வந்தவன். கல்யாணமும் அங்கேதான். ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மனைவியோடு இருந்தான். பிள்ளை இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் ஜெபம் நடக்கும். நாலு குடும்பம் வரும். பாட்டு, வேதவாசிப்பு, பிறகு கோப்பி. அவன் மனைவி என் மனைவியோடு வந்து உட்காருவாள். அவன் வரமாட்டான். தன் வீட்டு வாசலில் நின்று சுருட்டு குடிப்பான். கொஞ்ச நாளில் எங்கள் வாசலில் நின்றான். அப்புறம் படியில் உட்கார்ந்தான். அப்புறம் ஒரு மழை நாளில் உள்ளே வந்து கதவோரமாக உட்கார்ந்தான். நான் வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை.

பட்டறையில் கோப்பி நேரத்தில் ஒருநாள் அவனாகவே கேட்டான்.

“ஏண்டா, உங்க சாமியை அத்தனை பேர் போட்டு அடிச்சாங்களே, அவரு ஏன் திருப்பி அடிக்கல?”

“தெரியலப்பா” என்றேன்.

“என்னடா, ஜெபம் பண்றவன் நீ, உனக்கே தெரியலங்கிற?”

எனக்குத் தெரியவில்லைதான். தெரிந்த மாதிரி பேசியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். அந்தக் கேள்வியை அவன் விடவில்லை. வெகுநாள் கழித்து, இரும்பு காயும்வரை நின்றுகொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னான்.

“திருப்பி அடிக்கிறது சுலபம்டா. அடிக்காம இருக்கிறதுக்குத்தான் தெம்பு வேணும்.”

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது இல்லை அது. எனக்கே தெரியாதது. யாரோ அவனுக்குள்ளே வேலை செய்துகொண்டிருந்தார். நான் கையை வைத்தால் கெட்டுவிடும் என்று பயந்தேன்.

அவன் மனைவி ஞானஸ்நானம் கேட்டாள். அவனிடம் சொன்னாளாம். “நீ எடுத்துக்க. நான் பிறகு பாத்துக்கிறேன்” என்றானாம். அவன் மாதிரி ஆள் அதைச் சொன்னதே பெரிது.

எங்கள் சபைக்கு ஒரு உபதேசியார் இருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வெயிலில் லயம் லயமாக நடப்பார். ஆனால் அவசரக்காரர். அந்தச் சமயம் சிங்கப்பூரிலிருந்து வெள்ளைக்காரப் போதகர் வருவதாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று உபதேசியார் துடித்தார். அதற்கு அவர் கண்ட தடை, அந்தப் பெண்ணின் தாலி. அதில் அம்மன் உருவம் இருந்தது. அதோடு ஞானஸ்நானத் தொட்டி முன்னால் நிற்கக் கூடாது என்றார். அழித்து, சிலுவை வைத்துச் செய்து போட்டுக்கொள்ளட்டும் என்றார்.

அந்த வாரம் பெரிய மழை. தண்டவாளம் வெள்ளத்தில் போய்விட்டது, சரிசெய்ய வேண்டும் என்று என் கூட்டாளியையும் இன்னும் பல பேரையும் ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். உபதேசியார் என் வீட்டுக்கு வந்தார்.

“அவன் வரட்டுங்க ஐயா” என்றேன். “அவன் கையால கழற்றட்டும். இல்ல, கழற்றாமலே இருக்கட்டும். அவன் கட்டினது.”

“அவன் வந்தா ஆயிரம் கேள்வி கேப்பான். வர்றதுக்குள்ள புதுசு கழுத்துல ஏறிடும். பாத்தா அவனே சந்தோஷப்படுவான்.”

“இப்பத்தான் அவன் உள்ள வந்து உட்காந்திருக்கான். கடவுள் பாத்துக்குவாருங்க.”

அவர் சிரித்தார். “கடவுள் பாத்துக்குவாரு, கடவுள் பாத்துக்குவாருன்னு நீ சும்மா உக்காந்திருந்தா, சபை எப்படிப்பா வளரும்?”

“வேணாங்க ஐயா” என்று மறுபடியும் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் பட்டறையில் இருந்த நேரம், உபதேசியார் சபையில் இருந்து இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்து, “அக்கா, அவரு கோவிச்சுக்குவாரா?” என்று கேட்டிருக்கிறாள். “அவரு வரட்டுமே, என்ன அவசரம்?” என்று என் மனைவி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பாட்டுப் பாடினார்களாம். அந்தப் பெண் தானாகக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மாக்களில் மூத்தவர்தான் அவிழ்த்தார். அன்றைக்கே அது பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள நகை ஆசாரியிடம் போய்விட்டது.

ஆசாரி சொன்ன நாளில் கொடுக்கவில்லை. தண்டவாள வேலைக்குப் போனவர்கள் சொன்ன நாளுக்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை, பட்டறை அரை நாள். நான் வீட்டுக்கு வந்த நேரம் அவனும் முழங்கால்வரை சேறோடு வந்தான். அவன் மனைவி பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். குழாயடியில் நின்ற ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

“அடியே, உன் புருஷன் உசிரோடதான் வர்றான். கழுத்தை நல்லா மூடிக்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் நின்றான். கிட்டே வந்து முந்தானையை விலக்கிப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“நான் செத்துட்டேனா?” என்று கேட்டான்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவன் முழுதும் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். “உனக்குத் தெரியுமா?”

“கழற்றச் சொன்னாங்க, தெரியும். வேணாம்னேன். கழற்றினது எனக்கு அப்புறம்தான் தெரியும்.”

“வா” என்றான்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். நாங்கள் யாரென்று சொன்னதும் ஆசாரி ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே புதுத் தாலி. சிலுவை பளபளவென்று இருந்தது.

“பழசைக் குடுங்க” என்றான்.

“அது ஏதுங்க? உருக்கித்தானே இதைச் செஞ்சேன். சபையில அப்படித்தான் சொன்னாங்க.”

அவன் பொட்டலத்தைத் தொடவில்லை. வெளியே வந்தான். நான் ஆசாரியிடம், உபதேசியாரிடமே கொடுத்துவிடச் சொன்னேன்.

அங்கிருந்து நேரே உபதேசியார் வீடு. அவர் திண்பண்டம் ஏதோ வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து, “வா தம்பி, ஆசீர்வாதமான நாள்ல வந்திருக்கே” என்றார்.

“நான் கட்டினதை, என்னைக் கேக்காம அவிழ்க்க நீங்க யாருங்க?”

“தம்பி, இது தெய்வ காரியம். உனக்கு இப்பப் புரியாது.”

“எனக்குப் புரிய வச்சுட்டு அவிழ்த்திருக்கலாமே.”

“உன் சம்சாரம் சம்மதிச்சுதான்...”

“அவ உங்களுக்குப் பயந்தா. அதுக்குப் பேரு சம்மதமா?”

என் கூட்டாளியின் வலது கை மூடியது. நாள் முழுக்கச் சம்மட்டி தூக்கும் கை. ஒரு அடி விழுந்திருந்தால் அந்த மனிதர் எழுந்திருக்கமாட்டார். அவன் நின்றான். மூச்சு வாங்கினான். கையை விரித்தான். திரும்பி நடந்தான்.

திருப்பி அடிக்காமல் வருவதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அன்றைக்குப் பார்த்தேன். சபையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்த உபதேசியாருக்கும் அது கண்ணில் படவில்லை. பயந்து போய்விட்டான் என்றுதான் பிறகு சொன்னார்.

ரயில் பாதையோரம் நடந்து வரும்போது அவன் பேசினான்.

“உங்க சாமி கதவைத் தட்டிட்டு வெளிய நிப்பாரு, தொறந்தாத்தான் உள்ள வருவாருன்னு நீதான் ஜெபத்துல வாசிச்சே.”

“ஆமா.”

“உங்க ஆளு நான் இல்லாதப்ப வீடு பூந்துட்டான்டா.”

அதற்குப்பிறகு வெகு காலத்துக்கு அவன் என்னோடு பேசவில்லை.

அன்று சாயங்காலமே, என் வீட்டில் ஜெபம் நடக்க வேண்டிய நேரத்தில், அவன் தன் வாசலில் மனைவியை உட்காரவைத்தான். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கொம்பைக் கட்டியிருந்தான். லயத்தில் இருந்த அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். மூன்று முடிச்சுப் போட்டான். “இனி இதை எவனாவது தொட்டா, என் பொணத்தைத் தாண்டித்தான் தொடணும்” என்றான். அவள் தலை குனிந்தே இருந்தாள். ஜெபத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் என் வீடு வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பாட்டு எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரப் போதகர் வந்தார். அவள் வரவில்லை. உபதேசியார் எழுந்து, ஒரு ஆத்துமாவைச் சாத்தான் கடைசி நேரத்தில் பறித்துக்கொண்டான் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நான் எழுந்து, “சாத்தான் இல்லை, நாம்தான்” என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. பக்கத்தில் இருந்தவர் என் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார். அதற்கு மேல் யாரும் அதைப் பேசவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அதே கல், அதே உலை, அதே ஆள். நான் குறடு பிடித்தேன். அவன் அடித்தான். முகத்தைப் பார்க்கவில்லை. என் கையை நசுக்க அவனுக்கு ஒரு நொடி போதும். மாதக்கணக்கில் அப்படியே வேலை செய்தோம். ஒரு அடிகூட இடம் மாறி விழவில்லை. பேசாத மனிதனோடு அப்படி வேலை செய்வது, திட்டு வாங்குவதைவிடக் கஷ்டம்.

எனக்குப் பேச ஆசை இருந்தது. எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் விழுங்கினேன். இனி என் வார்த்தையும் அவன் வீட்டுக் கதவை உடைப்பதாகத்தான் இருக்கும். ஜெபத்தில் அவன் பேரைச் சொன்னேன். ஆண்டவரே, நீர் தொடங்கினதை நாங்கள் மிதித்துவிட்டோம், இனி நீரே பாரும் என்றேன். நம்பிச் சொன்னேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு வழி இல்லாமல்தான் சொன்னேன்.

பிறகு அவன் வேலை மாற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. உபதேசியாரும் வேறு ஊருக்கு மாறினார். அவருக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். சபையை வளர்த்தவர் என்று பேசினார்கள். என்னையும் படத்தில் நிற்கக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் கிள்ளானுக்குப் போனேன். திரும்பும்போது ஸ்டேஷனில் அவனே எதிரே வந்தான். தலை நரைத்திருந்தது. இரண்டு பேரும் நின்றோம்.

“சாப்டியா?” என்றான்.

“இன்னும் இல்ல.”

“வா. ஆனா ஒன்னு. உங்க சபைப் பேச்சு எதுவும் என் வீட்ல பேசக்கூடாது.”

“பேசமாட்டேன்.”

வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால். அவன் மனைவி என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே” என்றாள். மூன்று பேருக்கும் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. பசி எனக்கு. வழக்கமாகச் சாப்பிடுமுன் ஜெபம் செய்கிறவன், அன்று அவனுக்குப் பயந்து நேரே சோற்றில் கை வைத்தேன்.

அவள் உட்கார்ந்தாள். கண்ணை மூடித் தலை குனிந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் தலை குனியவில்லை. கண்ணையும் மூடவில்லை. ஆனால் கையை மடியிலேயே வைத்திருந்தான். அவள் தலையைத் தூக்குகிறவரை அவன் சோற்றைத் தொடவில்லை. அது அன்றைக்கு மட்டும் வந்த வழக்கம் இல்லை என்று அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.

“என்னடா பாக்குற? சாப்பிடு” என்றான்.

சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். கடைசி ரயிலுக்கு முன்பே கிளம்பிவிட்டேன். அவன் இதுவரை எந்தச் சபையிலும் கால் வைக்கவில்லை, அவள் ஞானஸ்நானம் எடுக்கவும் இல்லை. உபதேசியார்மேல் எனக்குள்ள கசப்பும் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அவன் கை எதற்காகக் காத்திருந்தது என்று நான் கேட்காமல் வந்தேன், அதைக் கேட்க வேண்டியவர் கதவைத் தட்டுகிறவர், நான் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.