படிவத்தில் ஒரு டம்ளர்

நன்னடத்தை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் டம்ளர் அக்கா. வைத்தவர்கள் அங்கே வந்துபோகும் இளைஞர்கள். போதைமருந்து வழக்கில் சிக்கி, சிறைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் விடப்பட்டவர்கள். திங்கள்தோறும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும், ஒரு வேலையில் நிலைக்க வேண்டும், கூப்பிட்ட நாளில் வந்து பரிசோதனைக்கு ஒரு கோப்பையில் சிறுநீர் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பையை வாங்குவதுதான் அக்காவின் வேலை. பதினொரு வருடமாக ஒரே கதவுக்கு வெளியே நிற்கிறார்.

கதவுக்குள் குழாய் கிடையாது. கழிவறைத் தொட்டியில் நீலச் சாயம், அந்தத் தண்ணீரை யாரும் மொண்டு கலந்துவிடக் கூடாது என்று. கோப்பை வெளியே வந்ததும் அப்போது கழித்ததுதானா என்று சூடு பார்ப்பார், மூடுவார், சீல் ஒட்டுவார். சிறுநீர் வராதவர்களுக்கு ஒரே ஒரு டம்ளர் தண்ணீர். அதிகம் குடித்தால் நீர்த்துப்போய் மருந்தின் தடயம் மறைந்துவிடும்.

முதலில் கூச்சப்பட்டார். பிறகு இரக்கம் வந்தது, பிறகு எரிச்சல். இப்போது ஒன்றும் வருவதில்லை. "இன்னிக்கு எப்படி?" என்று கணவர் கேட்டால் "இருபத்தி மூணு" என்று அன்று வாங்கிய கோப்பைகளின் எண்ணிக்கையைச் சொல்வார். பேச்சு அத்தோடு முடியும்.

சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன். கூட்டாளிகள் அவனைப் பூட்டு என்பார்கள், ஆள் நின்றால் அவனுக்கு வராது என்பதால். ஐந்து மாதத்தில் இரண்டு முறை போதை மாத்திரை போட்டிருக்கிறான். இரண்டையும் தானே வந்து சொன்னான். நீதிபதி விட்டுவிட்டார். அங்கே நடைமுறை அதுதான்: சறுக்கினால் சொல், தொடரலாம். ஏமாற்றினால் உள்ளே.

அன்று முக்கால் மணி நேரமாகியும் கோப்பை காலி.

"அக்கா, நீங்க வெளிய நிக்கிறது தெரியுது."

"நான் மூச்சுகூட விடலையேப்பா."

"அதான் இன்னும் பயமா இருக்கு. ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு, அக்கா. இன்னொரு தடவை லேட்டா போனா வெளிய தள்ளிடுவாரு முதலாளி."

அக்கா டம்ளரை நிரப்பிக் கொடுத்தார். மறுபடியும். மொத்தம் நான்கு. ஒருவழியாக வந்தது. அவன் ஓடினான்.

நான்கு நாள் கழித்து ஆய்வகத் தாள் வந்தது: நீர்த்த மாதிரி. கோப்பையோடு போன படிவத்தில் தண்ணீர் என்ற கட்டத்தில் ஒன்று என்றிருந்தது. ஒரு டம்ளரில் இவ்வளவு நீர்க்காது. அப்படியென்றால் வீட்டிலிருந்தே குடித்துவிட்டு வந்திருக்கிறான், ஏமாற்று. வெள்ளிக்கிழமை நீதிமன்றம், மீதி எட்டு மாதம் சிறை.

அந்த ஒன்றைப் பூட்டு வருவதற்கு முன்பே அக்கா எழுதியிருந்தார். காலையில் கையுறை மாட்டுமுன் அன்றைய படிவங்கள் எல்லாவற்றிலும் ஒன்று, ஒன்று என்று போட்டுவிடுவது வழக்கம். கையுறையோடு பேனா பிடிப்பது தொல்லை. அன்று திருத்த மறந்துபோனார்.

நன்னடத்தை அலுவலரின் அறைக்குப் போய்ச் சொன்னார். அலுவலர் அவரைவிடப் பத்து வயது இளைய பெண்.

"எத்தனை குடுத்தீங்க?"

"நாலு, மேடம்."

"இதைக் கோர்ட்ல சொன்னா பதினொரு வருஷப் படிவமும் சந்தி சிரிக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்லலேன்னா அவன் உள்ள போயிடுவான்."

"அதுவும் தெரியும்."

பயம் வரும் என்று அக்கா காத்திருந்தார். வரவில்லை. மேசைமேல் ஒரு கிளிப் கிடந்தது. அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மேடம்?"

நீதிமன்றத்தில் அவர் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"தினமும் இப்படித்தான் முன்னாடியே எழுதுவீங்களா?"

"ஆமாங்க."

"யாரும் கண்டுபிடிக்கலையே. ஏன் வந்து சொல்றீங்க?"

"எழுதினது தப்புங்க."

பூட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபரிசோதனைக்கு உத்தரவானது. அக்காமீது விசாரணை, அது முடியும்வரை கோப்பறையில் வேலை.

திங்களன்று பூட்டு கோப்பறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, வந்துருச்சு. புது ஆளு வெளிய நின்னு பாட்டுப் பாடுறாரு. கேக்க முடியல, சீக்கிரம் முடிச்சுட்டு ஓடி வந்துட்டேன்."

"ஷிப்ட்டுக்கு நேரமாகல?"

"உங்க வேலை என்ன ஆச்சுக்கா?"

"தெரியல. நீ கிளம்பு."

வியாழக்கிழமை ஆய்வகத் தாள்கள் கட்டாக வந்தன, அடுக்குவதற்கு. அவனுடையது நடுவில் இருந்தது. ஐந்து மருந்துகளுக்கு நேரே ஐந்து "இல்லை". அக்கா இரண்டு முறை படித்தார். துளையிட்டு அவன் கோப்பில் செருகினார். அடுத்த தாளை எடுத்தார்.

அன்று மாலை கணவர் கேட்டார், "இன்னிக்கு எப்படி?"

சொல்ல எண்ணிக்கை இல்லை.

"அந்தப் பையன் உள்ள போகல" என்றார்.