மூஞ்சியைச் சுளிக்காமல் அமெரிக்க அரசியல்

வாடிக்கையாளர் கட்டுப்படியாகிற விலையையே கேட்டாலும் மூஞ்சியைச் சுளிப்பதுதான் பாத்திரக் கடை வியாபாரத்தில் முதல் பாடம். என்னைப்போல் கல்லாவில் உட்கார்ந்து தொண்டை வறண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏழாம் வகுப்போடு நாங்குநேரிப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் மூட்டை தூக்கிக் கடை வைத்தவன் நான். அப்பேர்ப்பட்டவன் அமெரிக்க அரசியலுக்கு வாத்தியாரான கதைதான் இது.

வேலை வந்த விதம்

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை சாந்தா குடியுரிமைத் தேர்வில் தோற்றுவிட்டாள். புருஷனும் பிள்ளைகளும் பாஸ். இவள் மட்டும் பாக்கி. இன்னொரு வாய்ப்புத்தான் உண்டு. அதிலும் கோட்டைவிட்டால் விண்ணப்பத்திலிருந்து எல்லாம் மறுபடி. "வீட்டுல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்காங்கண்ணே" என்று போனில் அழுதாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கேள்வி பதில்களைத் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னேன். தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு, அங்கே அவளுக்குக் காலைக் காப்பி நேரம், வீடியோவில் நான் கேட்பதென்று முடிவானது.

கடையில் இருபது வருஷமாக இருக்கும் செல்லையா அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பெயிலானது தங்கச்சி. தண்டனை எங்களுக்கா முதலாளி?"

ஆளுக்கு இரண்டு

செனட்டில் எத்தனை பேர்? நூறு. மாநிலத்துக்கு இரண்டு பேர். அதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "கடல் மாதிரி இருக்கிற மாநிலத்துக்கும் ரெண்டு, கையகல மாநிலத்துக்கும் ரெண்டா? எவன் இதுக்கு ஒத்துக்கிட்டான்?" என்று சாந்தாவிடம் சத்தம் போட்டேன், என்னமோ அவள்தான் எழுதிக் கொடுத்த மாதிரி.

வெண்கல உருளி வாங்க வந்திருந்த ரிட்டயர்டு செக்ரட்டேரியட் சார் ஒருவர் குறுக்கே வந்தார். பெரிய மாநிலங்கள் தலைக்கணக்குப்படி இடம் கேட்டனவாம், சின்னவை சரிசமம் கேட்டனவாம். பேசிப் பேசி, ஒரு சபை அப்படி, ஒரு சபை இப்படி என்று முடித்தார்களாம். "சரியான பேரமே இல்லை சார். நானா இருந்தா எழுந்து வந்திருப்பேன்" என்றேன்.

சார் உருளியைத் தட்டிப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணாச்சி அங்க இருந்திருந்தா அந்த நாடே உண்டாயிருக்காது, கேட்டோ."

அதிகாரம் மூன்று

அதிகாரத்தை ஏன் மூன்றாகப் பிரித்தார்கள் என்பது அடுத்த நாள் கேள்வி. ஒரே கையில் சேர்ந்துவிடக் கூடாது என்பது பதில். "பொறுப்பான ஆளா இருந்தா ஒருத்தன் கையிலேயே விட்டா என்ன?" என்று எனக்குச் சந்தேகம்.

சாந்தா பதில் சொல்வதற்குள், என் மனைவியை அக்கா என்று கூப்பிடும் செல்லையா முந்திக்கொண்டான்: "நீங்க கோவத்துல சப்ளையரை வெரட்டுதீங்க, அக்கா போன் பண்ணித் திரும்ப வரவழைக்காங்க. வாரா வாரம் நம்ம கடையில நடக்கது அதுதான முதலாளி?"

ஆறு, நாலு, இரண்டு

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒத்திகை வைத்தேன். செனட்டர் பதவி எத்தனை வருஷம்?

"ஆறு."

"ஆறா?"

"நாலு?"

"நாலா!"

"ரெண்டுண்ணே, ரெண்டு."

எனக்கு வந்ததே கோபம்! "ஆறுன்னு போட்டிருக்கு. ஒரு மாசமா என்னத்தைப் படிச்சே?" என்று கத்தினேன். அவள் அழுதுவிட்டாள். "முதல்ல ஆறுன்னுதானே சொன்னேன்! நீ சுளிச்ச, நான் குறைச்சேன்!"

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிவைத்த பழைய தாள்களைப் புரட்டினேன். நான் தப்பு என்று குறித்திருந்த பதில்கள் எல்லாம் அவள் கடைசியாகச் சொன்னவை. முதலில் சொன்னவை எல்லாம் சரி. சரியான பதிலை விட்டு இறங்கி வருவதற்கு ஒரு மாதமாக அவளைப் பழக்கி வைத்திருக்கிறேன். கேட்டரிங் நடத்துகிற சேச்சி அண்டா விலைக்காக அரைமணி நேரமாக எதிரே நின்றிருந்தார். அவர் சொன்னார்: "பாவம், குட்டியோட பதில் எல்லாம் சரி. அண்ணாச்சியோட முகம்தான் தப்பு."

முகமில்லாத வாத்தியார்

மறுநாள் முகத்தை அசைக்காமல் கேட்டுப் பார்த்தேன். முப்பது வருஷத் தொழில், எங்கே அடங்குகிறது? புருவம் தானாக ஏறியது. கடைசியில் போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். சுப்ரீம் கோர்ட்டில் எத்தனை நீதிபதிகள் என்று கேட்டேன். "ஒன்பது" என்றவள், கொஞ்சம் தயங்கி, "ஏழு?" என்றாள்.

"இப்ப நான் என்னளா செஞ்சேன்?"

"உனக்கு எதிர்ல இருக்க எவர்சில்வர் குடத்துல உன் மூஞ்சி தெரியுதுண்ணே."

தேர்வு நாள்

அன்றைக்கு நான் ஒரு விலைக்கும் மறுப்புச் சொல்லவில்லை. கேட்டவர்கள் கேட்ட விலைக்கே கொண்டுபோனார்கள். கடை மூடுகிற நேரத்தில்தான் போன் வந்தது. பாஸ்! சுற்றி நின்றவர்கள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததாக்கும் என்று ஆரம்பித்தேன்.

"கேளுண்ணே. செனட்டருக்கு ஆறு வருஷம்னேன். ஆபீசர் தலையைத் தூக்கி நெத்தியைச் சுருக்கிப் பார்த்தாரு. நாலுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. உன்னை நெனைச்சேன். வாயை இறுக்க மூடிக்கிட்டேன்."

என் தங்கையைப் பாஸாக்கியது என் பாடமல்ல, என்னிடம் பட்டபாடுதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.