ஜெபா அவசரப்பட்டு அழிக்காத கோப்பு

என் தங்கை ஜெபா, திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். நான் பத்தாவதோடு நின்று, மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் சலவைக்குப் போகும் துணிகளை எண்ணி அனுப்பி, எண்ணி வாங்குகிறேன்.

2005. அவள் சேர்ந்து ஏழு மாதம்; முதல் சில மாதம் அட்டெண்டன்ஸ் நோட்டு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு லேபில் பரீட்சை. அதற்கு முன் சர்வரில் லினக்ஸைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கி, சனிக்கிழமை செய்தாள். முடிந்ததும் அறுபது கம்ப்யூட்டரில் ஒன்றுகூட சர்வரோடு சேரவில்லை.

அவளைக் கூட்டிப்போக வந்த நான் லேப் வாசலில் நின்றேன். உள்ளே மேலதிகாரி கேசவன் சார் குரல் கேட்டது.

"திங்கக்கெழம ஓடலேன்னா நீ மறுபடி அட்டெண்டன்ஸ் நோட்டுதாம்மா பாக்கணும்."

எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த எண் என்று எழுதிய கோப்பு ஒன்று உண்டு. அப்டேட் அந்த இடத்தில் புதுக் கோப்பை வைத்துவிட்டு, பழையதற்குப் பெயரில் ஒரு வாலை ஒட்டி ஓரம் கட்டிவிட்டது. புதியதில் அந்த அறுபதும் இல்லை.

"பழச அப்டியே மேல போட்டுட்டு வூட்டுக்குக் கெளம்பு" என்றார் சார்.

"போன வருசம் அப்டித்தான போட்டீங்க சார்? லேப் ரெண்டு நாள் படுத்துகினு இருந்துச்சாமே."

"யாரு சொன்னா?"

"பெருக்க வர்ற லோகநாயகி அக்கா."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பழையதிலுள்ள எல்லா வரியையும் புதுப் பதிப்பு ஏற்காதாம். ஏற்காத வரி ஒன்று இருந்தாலும் ஓடாதாம். ஜெபா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். ஏற்காத இரண்டு வரிகளை விட்டுவிட்டு, அந்த லேபுக்காக எழுதியதை மட்டும் புதியதில் சேர்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு அறுபதின் பட்டியலைக் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, நான் படிக்கிறேன். துண்டு எண்ற மாதிரி டிக் போடு."

படித்தாள். போட்டேன்.

"அம்பத்தொண்ண விட்டுட்ட."

"நீ ரயிலு மாதிரி படிச்சுகினு போற."

"இப்டித்தான் ஓட்டல்ல துண்டு காணாம போவுதா?"

அறுபதும் சரியாக இருந்தன. ஓட விட்டாள். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

"அப்ப அந்த வால் வச்சத அழிச்சிடு" என்றார் சார்.

"பரீட்ச முடியட்டும் சார்."

திங்கட்கிழமை அறுபது பேர் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவரும் எழுந்து இடம் மாறவில்லை. சாயங்காலம் அந்தக் கோப்பை சிடியில் ஏற்றி, தேதியும் விட்ட இரண்டு வரிகளும் நோட்டில் குறித்த பிறகே அழித்தாள்.

அடுத்த அப்டேட் வந்தபோது கேசவன் சார் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனாராம்.