ஃப்ரிட்ஜில் அடித்த கரெண்ட்

முதல் மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய மறுநாள் காலை, பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கரெண்ட் அடித்தது.

நான் மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டுகிறவன். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டுப் பக்கம் சின்னக் கடை. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். கரெண்ட் அடித்தால் எனக்குத் தெரியாதா? விரல் நுனியில் சுருக்கென்று பிடித்து மணிக்கட்டு வரை ஏறியது. பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது.

"மேரி, ஃப்ரிட்ஜைத் தொடாதே, பாடியில லீக்கு இருக்குது" என்று கத்தினேன். (லீக்கு என்றால், கம்பிக்குள் ஓட வேண்டிய மின்சாரம் வெளித் தகட்டுக்கு வந்துவிடுவது.)

மேரி என் மனைவி. என் கத்தலுக்குப் பயப்படுகிறவள் இல்லை. நான்தான் தினமும் எதற்காவது கத்திக்கொண்டிருக்கிறவன் ஆயிற்றே. செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து உள்ளங்கையை முழுசாகக் கதவில் வைத்து அழுத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. டெஸ்டர் வெச்சுப் பாருங்க."

டெஸ்டர் எரியவில்லை. டெஸ்டர்தான் போய்விட்டது என்று புதுசு வாங்கினேன். அதுவும் எரியவில்லை.

எனக்குப் பெருங்குடலில் கட்டி. அறுவை செய்து எடுத்த பிறகு, மிச்சம் மீதி எங்கும் ஒளிந்திருக்கக் கூடாது என்று விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்ஸாலிபிளாட்டின் (ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற புற்றுநோய் மருந்து) ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கூடவே வீட்டில் விழுங்க மாத்திரை. ஏற்றுவதற்கு முன் சிஸ்டர் சொன்னார்கள்: வாந்தி வரும், பேதி போகும், கை கால் மரத்துப்போகும். முடி கொட்டுமா, கட்டி திரும்ப வருமா, ஊசி இறங்கும்போதே நெஞ்சு நின்றுபோகுமா என்று நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். மரத்துப்போவதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, உதறினால் சரியாகிறது. அதற்குப் போய் யார் பயப்படுவார்கள்?

மேரியின் தம்பி சார்லஸ் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். அவனைக் கூப்பிட்டேன்.

"மாமா, லைன் எல்லாம் சுத்தமா இருக்குது. நீ ஏன் பேஜார் பண்றே?"

"எர்த்து செத்துப்போயிருக்கும்டா. பழைய குழி."

லீக்காகும் கரெண்டை மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் எர்த்துக் குழி. கொல்லையில் புதுசாக ஒன்று வெட்டினோம். குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடினோம். அந்த வாரமே கரெண்ட் அடிப்பது குறைந்தது. அடுத்த மருந்துக்குப் போகிறபோது சுத்தமாக நின்றிருந்தது. பஸ்ஸில் சார்லஸிடம், "பார்த்தியா?" என்றேன்.

இரண்டாவது மருந்து ஏறியது. திரும்பி வந்த மறுநாள், மறுபடியும் ஃப்ரிட்ஜ். கூடவே இரும்புக் கேட்டு, பித்தளைக் குழாய். மார்கழி மாசம், எல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. குழி காய்ந்துவிட்டது என்று ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். சில நாளில் குறைந்தது. என் கணக்கு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே ஒவ்வொரு மருந்துக்கும் நடந்தது. இப்போது எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, பேதி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வீட்டு கரெண்டைப் போய் டாக்டரிடம் யாராவது சொல்வார்களா?

ஒரு மத்தியானம் மேரி மோர் கொடுத்தாள். மருந்து சூடு, உடம்பு குளிரணும் என்பது அவள் எண்ணம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். பிளாஸ்டிக் டம்ளர்தான். ஒரு வாய் விழுங்கினேன். தொண்டை பூட்டிக்கொண்டது. மூச்சு உள்ளே போகிறதா இல்லையா என்று தெரியவில்லை. தாடை இழுத்துக்கொண்டது. செத்தேன் என்றே நினைத்தேன்.

மேரி அலறி ஆட்டோவைக் கூப்பிடுவதற்குள் மெல்ல விட்டது. ஆட்டோவில் உட்கார்ந்துதான் யோசித்தேன். பிளாஸ்டிக்கில் கரெண்ட் வராது. மோரில் லீக்கு இல்லை. என் தொண்டைக்கு எர்த்து போட வழியும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார்கள். தடவித் தடவிப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணை மூடச் சொல்லி விரலில் பஞ்சு வைத்தார்கள். வைத்தார்களா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

"இது எத்தனை நாளா இருக்குது?"

"முதல் மருந்துலேர்ந்து கரெண்ட் அடிக்குதுங்க. எர்த்து போட்டுக்கினே இருக்கேன்."

அவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். "அது கரெண்ட் இல்லீங்க, மருந்து. நரம்பு நுனியைத் தாக்கும். ஏத்தின சில நாளைக்குச் சில்லுன்னு எது பட்டாலும் அப்படி இழுக்கும். தொண்டையிலயும் வரும். முன்னாடியே சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்போம். கை கால் மரத்துப்போகும்னு உங்களுக்குச் சொன்னாங்கதானே?"

"மரத்துப்போகும்னு சொன்னாங்க. கரெண்ட் அடிக்கும்னு சொல்லலையே."

மேரி என் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அதோடு அந்த மருந்தை நிறுத்தினார்கள். மாத்திரையை மட்டும் கொடுத்து முடித்தார்கள். ஸ்கேனில் கட்டி எங்கும் இல்லை. சொந்தக்காரர்கள் வந்து, "தப்பிச்சிட்டேப்பா, மாதா காப்பாத்திட்டா" என்றார்கள். சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். தீக்குச்சி விரல் வரை எரிந்து வந்ததை மேரிதான் பார்த்துத் தட்டிவிட்டாள்.

மருந்தை நிறுத்தினால் கையும் சரியாகும் என்று இருந்தேன். நிறுத்திய பிறகு இன்னும் அதிகமானது. அப்படியும் ஆகுமாம். சில்லென்று படாமலே சுறுசுறுவென்றது. காலில் செருப்பு கழன்றது தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன்.

"எப்ப சரியாவுங்க?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"போகப்போக. சிலருக்கு முழுசா சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிடும்."

காயில் கட்டுவது கண் வேலை இல்லை, விரல் வேலை. கம்பி தலைமுடி மாதிரி இருக்கும். மேலே பூசிய வார்னிஷ் ஒரு இடத்தில் உரிந்தாலும் விரல் சொல்லிவிடும். என் விரல் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கடையைத் திரும்பத் திறந்து நான் கட்டிய முதல் மோட்டாரை ஓமந்தூர்க்காரர் ஒருவர் கொண்டுபோனார். மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) தண்ணீர் பாய்ச்சும்போதே புகைந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னா லூர்து, உன் கை வேலைன்னுதானே உன்னாண்ட வந்தேன்?"

உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் எனக்கு உடம்பு சரியாகிவிட்டதே. எல்லோரும் சொல்கிறார்களே.

இப்போது காயில் கட்டுவது சார்லஸ். நான் ரிப்பேருக்கு வருகிற மோட்டாரைக் கழுவித் துடைத்து, ஓட்டிப் பார்க்கிறேன். போன மாசம் ஒரு மோட்டாரை ஓடவிட்டு, சூடாகிறதா என்று மேலே கை வைத்துக்கொண்டு நின்றேன். சார்லஸ் டெஸ்டரோடு வந்தவன், தகட்டில் வைத்ததும் கத்தினான்.

"மாமா, கையை எடு! டெஸ்டர் எரியுது!"

சுவிட்சை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தான். "கரெண்ட் அடிக்கிறது கூடவா தெரியலை?"

"தெரிஞ்சுது. தினமும் அடிக்கிறதுதானேன்னு நின்னுக்கினு இருந்தேன்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதிலிருந்து ஓடுகிற மோட்டார் பக்கம் என்னை விடுவதில்லை.

இந்த மருந்து ஏற்றப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயந்து மருந்தை விட்டுவிடாதீர்கள், நானும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே போய்ச் சொல்லுங்கள். எறும்பு ஊர்வது போல இருந்தால் எறும்பு என்று சொல்லுங்கள். மணலில் நடப்பது போல இருந்தால் மணல் என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

முன்பெல்லாம் கடையில் யாராவது எப்போது ரெடியாகும் என்று கேட்டால், சாயங்காலம் வாங்க என்பேன். சொன்னால் சொன்னதுதான். இப்போது என் கையை யாராவது விசாரித்தால், போகப்போக என்கிறேன். அது எந்தக் கிழமை என்று எனக்குத் தெரியாது.

காலையில் கண் விழித்ததும் போர்வையை விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். பருத்தியா பாலியஸ்டரா என்று தெரிந்தால் போதும். தெரிவதில்லை. எழுந்து கொல்லைக்குப் போய் எர்த்துக் குழியில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுகிறேன். மேரி பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவாள்.

எங்கள் தெருவிலேயே நல்ல எர்த்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.