சுருதிப்பெட்டி நிற்கட்டும் என்று

சிதம்பரத்தில் இலவசமாகப் பாட்டு சொல்லித் தருகிறார்களாம், கடலோரப் பிள்ளைகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம் என்று மாமா செல்போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி அவர். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாத மனிதர். "அக்கா, நம்ம புள்ள கச்சேரி பண்ணப் போவுது!" என்று அவர் போட்ட சத்தத்தில், நான் தேர்வாகியே விட்டேன் என்று எங்கள் குப்பம் முடிவுகட்டிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை தன் மகளின் பட்டுப்பாவாடையைக் கொடுத்தாள். இனி இடம் கிடைக்காமல் திரும்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது என்பது எனக்கே புரிந்துவிட்டது.

கடலூர் ஓ.டி. நிறுத்தத்தில் பஸ் ஏறினோம். மாமா அன்று கடலுக்குப் போகவில்லை. மீன் விற்கப் போகாத அம்மா, மஞ்சள் பூசிக் குளித்திருந்தும் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஏன் என்று கேட்டால், "சும்மா வா" என்றாள்.

பெரிய கூடம். என் முறை வந்ததும் பாட்டு டீச்சர் ஒரு சின்னப் பெட்டியைத் திருகினார். அது 'ஙொய்' என்று இரைய ஆரம்பித்தது. நான் அது நிற்கட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தேன். மாமா தன் படகு எஞ்சினை வாசலில் டிரம் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கும்போது வீட்டில் யாரும் பேசமாட்டோம்; அணைத்த பிறகுதான் பேச்சு. டீச்சரோ நான் பாடட்டும் என்று காத்திருந்தார். இருவரும் ரொம்ப மரியாதையாகக் காத்திருந்தோம். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயோ, போச்சு!

ஜன்னலில் மாமாவின் தலை முளைத்தது. "அது நிக்காது புள்ள! எஞ்சின் கூடவே கத்துவியே, அதே மாதிரி பாடு!"

அட, அவ்வளவுதானா! எஞ்சின் ஓடும்போது அதன் குரலோடு என் குரலை ஒட்டவைத்துக் கத்துவது எனக்கு அன்றாட விளையாட்டு. பெட்டியின் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு, மாரியம்மன் திருவிழாவில் கேட்ட பாட்டை எடுத்துவிட்டேன் பாருங்கள், கூடமே அதிர்ந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சுருதி கொஞ்சங்கூட விலகலையே! சனிக்கிழமையிலேருந்து வந்துடும்மா" என்றார் டீச்சர்.

மாமா வெளியே விசிலடித்தார். நான் குதித்த குதியில் பாவாடை காலில் சிக்கி விழப்பார்த்தேன். அம்மா மட்டும் வாசற்படியைத் தாண்டாமல் நின்று, "டீச்சர், எம் பொண்ணு எங்க உக்காரணும்?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? எல்லாரோடயுந்தான். முன்னாடி, எம் பக்கத்துல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு ஒரே எரிச்சல். நான் குள்ளம், பள்ளிக்கூடத்திலும் எனக்கு முன்வரிசைதான். இதற்குப் போய் யாராவது அழுவார்களா?